எதுவும் மாறாவிட்டாலும் முதலிலிருந்து

பூட்டிய பூட்டை வசீம் இழுத்துப் பார்ப்பதில்லை. அதெல்லாம் சாதாரண மனிதர்கள் செய்வது. என் பேரன் பாதி மாடிப்படி இறங்கிவிட்டுத் திரும்பி ஏறுவான். கதவையே திறந்து, சாத்தி, புதிதாகப் பூட்டுவான். அப்போதுதான் அது பூட்டு.

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த ஃபிளாட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் புரோகிராமைத் திருத்திச் சோதிப்பது அவன் உத்தியோகம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் முழுப் புரோகிராமையும் மறுபடி கம்பைல் செய்வான்; எழுதியதையெல்லாம் பெட்டி ஓட்டும்படி முதலிலிருந்து மாற்றித் தருவதற்கு அப்படிப் பெயராம். ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. இருந்தால் என்ன? பெட்டி பாட்டுக்கு இரையும்; நம்ம துரை பேரீச்சம்பழம் தின்றபடி அதற்குக் காவல் இருப்பார்.

அவன் மனைவி ஃபஸீலாவுக்கும் அதே வேலைதான். அவள்தான் எனக்கு விளங்கும்படி சொன்னாள்: "மாவு அப்படியே இருக்கு நன்னிமா. இட்லி வெந்துச்சான்னு பாக்க, ஒவ்வொரு வாட்டியும் அரிசிய ஊறப்போடறாரு."

"மாவு மாறலன்னு உனுக்கு யார் சொன்னா?" என்பான்.

போன வருடம் ஒரு தவற்றைத் திருத்திவிட்டு, கம்பைல் செய்ய மறந்து சோதித்தானாம். ஓடியது பழைய புரோகிராம். அது எல்லாம் சரி என்று பச்சை காட்ட, தவறு அப்படியே வாடிக்கையாளர் கைக்குப் போனது. அன்று பிறந்தது இந்த ஞானம்.

வெள்ளிக்கிழமை ஃபஸீலாவின் தங்கைக்கு வாணியம்பாடியில் நிச்சயம். கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. மேலே இவன் போனில் பேசிக்கொண்டிருக்கிறான். கூட வேலை செய்யும் ஜோதிகா கெஞ்சுகிறாள்: "காலைல கம்பைல் பண்ணதுதானே வசீம்? யாரும் எதையும் தொடல. டெஸ்ட் மட்டும் ஓட்டிட்டுக் கிளம்பு."

"தொடறவன் சொல்லிக்கினா தொடுவான்?"

ஃபஸீலா பையைத் தூக்கிக்கொண்டாள். "நீங்க அரைச்சுக்கிட்டே இருங்க. உங்க மாப்பிள்ள எங்கன்னு கேட்டா, மாவாட்டறாருன்னு சொல்லிக்கறேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டில் நடக்கும் முதல் விசேஷம். தனியாகப் போய் நின்றால் அங்கே கேட்கப்போகும் வாய்கள் ஒன்றா இரண்டா? வசீம் அவள் முகத்தைப் பார்த்தான், நகத்தைக் கடித்தான், சோதனையை மட்டும் ஓட்டினான். எல்லாம் பச்சை. அவன் முகம் மட்டும் மையித்து வீட்டு முகம், இழவு களை.

வேன் நசரத்பேட்டையைத் தாண்டும்போது அவன் மடியிலிருந்து இரைச்சல் கேட்டது. பார்த்தால் லேப்டாப், பாதி திறந்தபடி.

"இன்னாடா அது?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல நன்னிமா. சும்மா ஒரே ஒரு தபா."

ஃபஸீலா பையைத் திறந்தாள். நிச்சயத்துக்கென்று எடுத்துவைத்திருந்த புதுத் துப்பட்டாவை நான்காக மடித்து, சூடேறிய பெட்டிக்கும் அவன் தொடைக்கும் நடுவே செருகினாள்.