இருபத்துநான்கு மாத எலிகள்

அலெக்சாந்திரியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் எலி அறை பத்தொன்பது வருடமாக அத்தியாத்தின் பொறுப்பு. கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனி வைப்பாள். கணவர் ஃபிக்ரி டிராம் கண்டக்டர். "உன் வாடைக்குத் தெருப்பூனை எல்லாம் என் பின்னாலயே வருதுடி" என்று கேலி செய்வார்.

ஒருநாள் அங்கே ஆய்வு செய்யும் டாக்டர் நிஹால் முப்பது எலிக்குட்டிகளைக் கொண்டுவந்தாள். அத்தியாத்தை அவள் மகன் பெயரால் 'உம்மு ஹாஸிம்', அதாவது ஹாஸிமின் அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

"உம்மு ஹாஸிம், இதுங்க இருபத்துநாலு மாசம் உயிரோட இருக்கணும். வயசானா மூளையில ஒரு நொதி எப்படி வேலை செய்யுதுன்னு அளக்கப்போறேன். ஒரு நரம்பு சேதி சொல்லி முடிச்சதும் அந்த இடத்தைத் துடைச்சுவிடுற நொதி."

"துடைக்கலைன்னா?"

"அடுத்த சேதி குழம்பிப்போகும்."

அந்த வருடம்தான் ஃபிக்ரி ஓய்வு பெற்றார். மறதியும் கூடவே வந்தது. முதலில் சாவி, பிறகு வீடு எத்தனையாவது மாடி என்பது, பிறகு குவைத்தில் இருக்கும் மகனின் பெயர். அந்த எலிகளின் சின்னத் தலைகளுக்குள்ளிருந்துதான் அவருக்கு மருந்து வரும் என்று அத்தியாத் நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆகஸ்ட் வெக்கையில் மின்சாரம் போனால், வீட்டில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக் கூண்டுகளருகே வைத்தாள். பல் தேய்ந்தவற்றுக்குத் தீனியை ஊறவைத்துக் கொடுத்தாள்.

ஒரு காலை, அவித்த மொச்சையை ஊட்டும்போது ஃபிக்ரி, டிராமில் பயணியிடம் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார்: "எங்கே இறங்கணும்மா?"

"சீதி காபிர்" என்றாள். அதுவரையுள்ள டிராம் நிறுத்தங்களை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபத்துநான்காம் மாதம் பத்தொன்பது எலிகள் மிஞ்சின. அவற்றைக் கொன்று மூளையை எடுக்கும் நாள் வந்தது.

"நீங்க வெளிய இருங்க, உம்மு ஹாஸிம்."

"என் கையில வந்தாத்தான் பயப்படாதுங்க" என்று ஒவ்வொன்றாக அவளே எடுத்துக்கொடுத்தாள்.

சில வாரங்களில் முடிவு தெரிந்தது. இளம் எலிகளைவிடக் கிழ எலிகளில் நொதியின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

"குறைஞ்சதைக் கூட்டிட்டா சரியாயிடுமா, டாக்டரம்மா?"

"யாருக்காகக் கேக்குறீங்க?"

அன்றுதான் ஃபிக்ரியைப் பற்றிச் சொன்னாள். நிஹால் நாற்காலியை இழுத்து அவளருகே உட்கார்ந்தாள்.

"மறதிக்குக் குடுக்குற மாத்திரையே இந்த நொதியை அடக்குறதுதான். அவருக்கும் அதைத்தான் குடுத்திருப்பாங்க."

"அப்ப அது குறையுறது நல்லதா, கெட்டதா?"

"எங்களுக்கே முழுசாத் தெரியாது. நான் அளந்து மட்டும்தான் பார்த்தேன்."

"ரெண்டு வருஷம்..." என்று தொடங்கிய அத்தியாத், பேச்சை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

குளிர்கால மழையில் ஃபிக்ரி நுரையீரலில் சளி கட்டி இறந்தார். துக்கத்துக்கு வந்த நிஹால், சாவு வீட்டில் கொடுக்கும் சர்க்கரையில்லாக் காபியைக் குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அத்தியாத் சொன்னாள்: "டாக்டரம்மா, என்னைக் குடுவை கழுவப் போடுங்க. வளர்த்துக் கிழடாக்கி ஒப்படைக்க இனி என்னால ஆகாது."

நிஹால் அன்றே இடமாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.