மூன்றாம் மாடியில் இன்னொரு குடித்தனம்

பாலத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அதுவரை தலையில் டிரங்குப் பெட்டியோடு முன்னால் நடந்துகொண்டிருந்தார். பின்னால் அம்மா, தோளில் மூங்கில் காவடியோடு. அதன் ஒரு கூடையில் அடுப்பும் சட்டிகளும், மறு கூடையில் என் தங்கை. இரண்டு பக்கமும் எடை சரியாக வரவேண்டும் என்று தங்கையின் மடியில் அம்மிக்குழவியை வைத்திருந்தார்கள். கடைசியில் நான், மாரியம்மன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. சைகோனில் கான் ஹோய் துறைமுகப் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து நாங்கள் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கீழே கால்வாய் வற்றிக் கறுத்துக் கிடந்தது.

"எத்தனை நாளா?" என்று அப்பா திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அது குட்டியா இருந்ததிலேருந்து," என்றாள் அம்மா.

"ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இவனுக்கு?"

அம்மா காவடியைத் தோள் மாற்றிக்கொண்டாள். நான் மாரியம்மனைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

'அது' என்று அம்மா சொன்னது ஒரு பன்றியை. பன்றியைச் சொல்வதற்கு முன் அந்த வீட்டைச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி. முன்னறை வீட்டுக்கார அம்மாளுக்கு. பின்னறை வாடகைக்கு எங்களுக்கு. சமையலறையும் குளியலறையும் பொது. பின்னறையில் நாங்கள் நால்வரும் படுத்தால், ஒருவர் புரளும்போது மற்ற மூவரும் புரண்டாக வேண்டும். பிற்பாடு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பல ஊர்களில், லாரி ஷெட்டிலும் படகுத் தட்டிலும்கூட நான் படுத்திருக்கிறேன். அந்த அறையில் தூங்கியது போல எங்கும் தூங்கியதில்லை. இடமில்லாததுதான் காரணமோ என்னவோ.

அப்பா காரைக்கால் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். பென் தான் சந்தைக்கு அருகே ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கும் வேலை. போர் முடிந்து ஆட்சி மாறியதும் முதலாளி கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அம்மா சைகோன்காரி. அவளை விட்டுப் போக அப்பாவுக்கு மனமில்லை. அவித்த வேர்க்கடலை விற்றார். கடலை கிடைக்காத நாளில் சும்மா இருந்தார். அந்த ஊரில் இந்தியர் யாராக இருந்தாலும் 'ஏழாம் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஆறு அண்ணன்கள் யார் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னறைச் சுவரில் அவருடைய ஒரே மகனின் படம் தொங்கியது. அடர்ந்த மீசை. "அண்ணன் எங்கே?" என்று நான் கேட்டபோது, "படிக்கப் போயிருக்கான்," என்றார். எல்லோரும் அப்படியேதான் சொன்னார்கள். வடக்கே எங்கோ மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஆட்சி மாறிய வருடம் போனவன் இன்னும் படித்து முடிக்கவில்லை. இவ்வளவு பெரிய மீசையோடு படித்தும் தேறாதவன் எப்பேர்ப்பட்ட மக்காக இருக்க வேண்டும் என்று நான் வியந்திருக்கிறேன்.

அவனைப் போய்ப் பார்ப்பதற்காகத்தான் பன்றி. தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன் அதை விற்று, ரயிலுக்கும் அவனுக்குக் கொண்டுபோகும் உலர்ந்த மீனுக்கும் வெல்லத்துக்கும் வழி செய்வது என்பது ஏற்பாடு. அந்த வருடங்களில் சோற்றில் பாதி மரவள்ளிக்கிழங்காக இருந்தது. ஊரில் பல குளியலறைகளில் பன்றி வளர்ந்தது. ஆனால் எங்கள் கட்டடத்தில் சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று அதைத் தடுத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் சமையலறையில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: "வார்டு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டாத்தான் முகாம்ல அவனைப் பாக்க விடுவாங்க. வீட்டு மேல ஒரு குத்தம் விழுந்துச்சுன்னா கையெழுத்து கிடையாது, தங்கச்சி. அப்புறம் நான் அவனை எங்க போய்த் தேடுறது?"

ஆகவே பன்றியைப் பன்றி என்று யாரும் சொல்வதில்லை. "எங்கிட்ட ரெண்டு குடித்தனம்," என்பார் அவர். "ஒண்ணு வாடகை குடுக்குது, இன்னொண்ணு கொழுக்குது. வாடகை குடுக்குறது எப்பக் கொழுக்கும்னுதான் தெரியல."

அப்பாவுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் ஆகாது. குளியலறைப் பக்கம் அவர் போவதே இல்லை. வாளியில் தண்ணீர் பிடித்து மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, சமையலறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவார். காலையிலும் மாலையிலும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் பூசை. கடலை மட்டும்தான் படையல். ஆனால் வெண்கல மணி ஊரிலிருந்து கொண்டுவந்தது; அதன் ஓசை படிக்கட்டு முழுக்கக் கேட்கும். அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

மணி அடித்ததும் குளியலறையில் நடந்தது என்னவென்று அவருக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்கார அம்மாள் தன் சுவர்க்கடிகாரத்தை எப்போதோ விற்றுவிட்டார். காலையும் மாலையும் தவறாமல் ஒலித்த ஒரே பொருள் அப்பாவின் மணி. அதைக் கேட்டதும் அந்த அம்மாள் எழுந்து, கழுநீரும் தவிடும் வள்ளைக்கீரைத் தண்டும் கலந்த வாளியைப் பன்றிக்கு ஊற்றுவார். நாளடைவில் மணி அடித்தால் சோறு என்று பன்றி தெரிந்துகொண்டது. மணியின் முதல் ஓசைக்கே அது கதவருகே வந்து நிற்கும். வாளி தாமதித்தால் தொண்டையைத் திறக்கும் என்பதால் வாளி தாமதித்ததே இல்லை.

அம்மாவுக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். "ஏழாம் அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. மனசு உடைஞ்சுபோயிடும்," என்றார் வீட்டுக்கார அம்மாள். அம்மனுக்கு அடிக்கும் மணி பன்றிக்குச் சாப்பாட்டு மணி என்று அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது? எனக்கோ வேறொரு சந்தேகம். மணி ஓய்ந்ததும் இரண்டு பேருக்குச் சாப்பாடு வைக்கப்படுகிறது. அதில் ஒருவர் உடனே தின்றுவிடுகிறார். மற்றவர் ஏன் தொடுவதே இல்லை?

வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, கீழ்வீட்டுப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்து, தங்கள் சமையலறைச் சுவர் ஊறுவதைப் பார்க்க ஆட்கள் வந்திருப்பதாகவும் அடுத்து மேலேதான் வருவார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்கார அம்மாள் பதறவில்லை. சாராயம் வடித்த அரிசிச் சக்கை ஒரு சட்டி நிறைய வைத்திருந்தார். அதைத் தின்ற பன்றி சற்று நேரத்தில் சாய்ந்து படுத்தது. கதவைப் பூட்டி, அதன் மேல் ஈரத்துணிகளை வரிசையாகப் போட்டார்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கட்டடத் தலைவர். எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பவர். மற்றவர் வார்டு அதிகாரி. வட வியட்நாம் பேச்சு, ஒல்லியான இளைஞர், சட்டைக்காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"இது என்ன கதவு?"

"குளியலறைங்க. பூட்டு துருப்பிடிச்சுப்போச்சு. சாவியத் தேடணும்," என்றார் வீட்டுக்கார அம்மாள்.

"அப்ப குளிக்கிறது?"

"மொட்டை மாடியில," என்று அப்பா உண்மையைச் சொன்னார்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குறட்டை வந்தது. நீளமான, திருப்தியான குறட்டை. அதிகாரி தலையைச் சாய்த்தார். வீட்டுக்கார அம்மாளின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருக்க வேண்டும். பின்னறைக்குள் போனார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது அம்மாவுக்கு ஒரு கணம் முன்பே தெரிந்துவிட்டது. "வேணாம்—" என்று ஓரடி எடுத்து வைத்தாள்.

மணி அடித்தது. குறட்டையை மறைக்க வேண்டும் என்று வழக்கத்தைவிட ஓங்கி அடித்தார்.

பன்றி எழுப்பிய சத்தத்தை என்னால் எழுத முடியாது. அதற்கு வாளி வரவில்லை. ஒரு மோதல், இரண்டாவது மோதல், தாழ்ப்பாள் தெறித்தது. ஈரச் சட்டை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. கட்டடத் தலைவர் அடுப்பு மேடையில் ஏறிவிட்டார். பன்றி யாரையும் பார்க்கவில்லை. மணி ஓசை வந்த திசையில் நேராகப் பின்னறைக்குள் போய், அப்பாவின் காலடியில் நின்று, அவர் கையிலிருந்த மணியை அண்ணாந்து பார்த்தது.

அப்பா அதன் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு பாலத்தில் கேட்ட கேள்விகளுக்கான விடை அவருக்கு அப்போதே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"யாரோட பன்னி இது?" என்றார் அதிகாரி.

வீட்டுக்கார அம்மாள் வாயைத் திறந்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"என்னோடது," என்றார் அப்பா.

அடுப்பு மேடையிலிருந்து கட்டடத் தலைவர் சிரித்தார். "ஏழாம் அண்ணன் மாட்டுக்கறியே தொடமாட்டாரு. இவரு பன்னி வளக்குறாராம்."

"திங்கமாட்டேன். வளக்கமாட்டேன்னு எப்பச் சொன்னேன்? திங்கிறவன் வளத்தா பாதி வளத்தியிலேயே அறுத்துடுவான்."

அதிகாரி குந்தி உட்கார்ந்து பன்றியின் முதுகைத் தடவினார். தடவிய விதத்தில் பசியும் இருந்தது, மரியாதையும் இருந்தது. "வார்டுப் பட்டியில இருக்குறதெல்லாம் எலும்பும் தோலும். இதுக்கு என்ன போட்டீங்க?"

அப்பா சற்று யோசித்தார். "என்ன போடுறோம்ங்கிறது பெருசில்ல. நேரந்தவறாமப் போடணும்," என்றார். சொல்லிவிட்டு மணியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பன்றி வார்டுப் பட்டிக்கு. பன்றிக்காரக் குடும்பம் பொழுது சாய்வதற்குள் கட்டடத்தை விட்டு வெளியே. பன்றி வளர்க்கத் தெரிந்த ஆளைச் சும்மா விடுவது வீண் என்பதால், மறுநாள் காலை பட்டியில் வேலைக்கு வர வேண்டும், கூலி அரிசியாக. வீட்டுக்கார அம்மாள் மேல் குற்றம் எதுவும் இல்லை. அவர் வீட்டை வாடகைக்கு விட்டவர் மட்டுமே.

நாங்கள் மூட்டை கட்டிய நேரமெல்லாம் வீட்டுக்கார அம்மாள் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். படியிறங்கும்போதும் வரவில்லை. கட்டடத் தலைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சுமக்க வேண்டியதைச் சுமந்தார். அந்த அம்மாளுக்கு எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அன்றிரவு த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலின் பின்பக்கக் கூரையடியில் படுத்தோம். அங்கிருந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் அப்பா குழாயடியில் குளித்து, சுவரோரம் சாய்த்து வைத்த படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். மணியை எடுக்கவில்லை. பிறகு அதைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சாமிக்கு மணி அடிக்கலையேப்பா?"

"சாமிக்குக் காது கேக்கும்டா."

மறுபடியும் அதே பாலம். வார்டு அலுவலகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டி. எலும்பும் தோலுமான பன்றிகள் ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருக்க, எங்கள் பன்றி மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. இரவு வைத்த தீனியைத் தொடவே இல்லை என்று அதிகாரி கவலைப்பட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். தீனி வாளியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் துண்டைப் பிரித்து மணியை அடித்தார். பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டார்.

பன்றி திரும்பியது. அதே கணத்தில் அலுவலகத் தாழ்வாரத்தில் வரிசையில் நின்ற ஒரு பெண்ணும் திரும்பினார். வீட்டுக்கார அம்மாள். வாளியைத் தேடுவது போல அவர் கை ஒரு முறை பக்கவாட்டில் நீண்டு, பிறகு ஒன்றுமில்லாமல் தொங்கியது. உள்ளே கூப்பிட்டார்கள், போனார். வெளியே வந்தபோது கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை நான்காக மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே தெருவில் இறங்கி வேகமாக நடந்தார்.

"பாக்காமலே போறாங்கப்பா."

"போவட்டும்," என்றார் அப்பா. அவர் குரலில் கோபமே இல்லை.

"எங்க போறாங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுப் பெரியவர்களை வரச்சொல்கிறார்கள் என்றால் பையன் ஏதோ தப்புச் செய்திருக்கிறான் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அந்த மீசைக்காரனுக்கு அம்மா போய்ச் சேர்ந்ததும் முதுகில் நன்றாக விழப்போகிறது என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அப்பா அடுத்த வாளியைத் தூக்கினார்.