முத்திரைக்காரர் வைத்த புள்ளிகள்

கடைத்தெருவில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முத்திரைக்காரர் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் சேர்ந்து, தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அதே வேலையைப் பார்த்தவர். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன், எடைக்கல்லின் வயிற்றைக் குடைந்து தக்கையை அடைத்தவன், அளவுகோலில் விரற்கடை வெட்டியவன் என்று வகைவகையான ஆட்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர். நல்ல மனிதர்தான். கடைக்காரர்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் இத்தனை வருஷம் அடுத்தவன் தராசின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்த கை, வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பால்காரர் ஊற்றிய பாலை மறுபடி அளப்பார். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மனைவி தலைவலி என்றால், எந்த வேலையைத் தட்டிக்கழிக்க இந்தத் தலைவலி என்று யோசிப்பார்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கைக்கு வேலை வேண்டியிருந்தது. வியாழக்கிழமை தோறும் பழைய சாமான் சந்தைக்குப் போக ஆரம்பித்தார். கப்பல் திசைகாட்டி, காற்றழுத்தமானி, மருந்து நிறுக்கும் குட்டித் தராசு, நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நுழைந்தன. முன்னறைக் கண்ணாடி அலமாரியில் இருந்த நல்ல தட்டுகளெல்லாம் சமையலறைப் பரணுக்கு ஏறின. விருந்தாளி வந்தால் ஏணி போட்டுத்தான் தட்டு எடுக்க வேண்டும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

மனிதர்களை நம்பாதவர் கருவிகளையாவது நம்பினாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு கருவி கைக்கு வந்ததும் முதலில் திருகாணிகளைப் பார்ப்பார். எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் பளபளத்தால் எவனோ உள்ளே கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஒருமுறை, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தலைமுடியை வைத்துக் காட்டும் கருவி ஒன்றை வாங்கினார். ஈரத்தில் முடி நீளும், வறண்டால் சுருங்கும், அதோடு முள் நகரும். அதில் கட்டியிருப்பது அந்தக் காலத்து முடிதானா, கடைக்காரர் தன் மனைவியின் முடியைப் பிடுங்கிக் கட்டிவிட்டாரா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் போய்க் கேட்டும் விட்டார். அவள் தலையில் கை வைத்திருந்தால் நான் இன்றைக்கு உயிரோடு கடை திறந்திருப்பேனா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டாராம்.

அலமாரியின் நடுத்தட்டில் இருந்தது அவருடைய செல்லம். உள்ளங்கையில் அடங்கும் இன்னொரு காற்றுமானி. பித்தளை வளையத்துக்குள் மெல்லிய தகட்டு இறக்கைகள், நடுவில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு முகப்பு. இறக்கை சுற்றச் சுற்ற முள் நகரும். பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளினால்தான் முள் ஓடும். இழுத்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் வசதி அதில் கிடையாது. போனமுறை விட்ட இடத்திலிருந்துதான் மறுபடியும் கிளம்பும். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு மூச்சுவிடக் காற்று போதுமா என்று பார்ப்பதற்காகச் செய்தது. வாங்கிவந்த அன்று மனைவியையும் அவள் தம்பியையும் உட்காரவைத்து, நெம்புகோலைத் தள்ளி ஊதிக் காட்டினார். முள் சரசரவென்று ஓடியதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதோடு சரி. இனி யாரும் தொடக்கூடாது என்று அலமாரியைப் பூட்டிச் சாவியை நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினார்.

ஒரு வியாழக்கிழமை சந்தையிலிருந்து திரும்பி, வழக்கம்போல அலமாரி முன்னால் நின்றார். முள் இடம் மாறியிருந்தது.

தானாக மாறாது. நெம்புகோல் இழுத்துத்தான் இருந்தது. அப்படியென்றால் யாரோ பூட்டைத் திறந்து, நெம்புகோலைத் தள்ளி, இறக்கையைச் சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல எல்லாவற்றையும் பழையபடி வைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்த ஆள். வீட்டில் அப்படித் தெரிந்த ஆட்கள் மூன்று பேர்தான். அவர் தன்னைக் கழித்தார். மனைவியையும் கழித்தார், அவளுக்கு அதன்மேல் என்ன அக்கறை? மிச்சம் இருந்தது மைத்துனன்.

மைத்துனன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கொஞ்ச நாளாக அவன் வருகை கூடியிருந்தது. அதுவும் வியாழக்கிழமையில், இவர் சந்தைக்குப் போன பிறகு. எதிர்வீட்டுத் தையல்காரர்தான் போட்டுக்கொடுத்தார். கூரையில் பயிற்சிப் பலகை வைத்த கார் வாசலில் வந்து நிற்கிறதாம், அக்காவும் தம்பியும் ஒரு துணிப்பையோடு கிளம்புகிறார்களாம், வெயில் ஏறிய பிறகு அதே பையோடு திரும்புகிறார்களாம். எங்கே போனாய் என்று மனைவியைக் கேட்டார். கடைக்கு என்றாள். பையை எட்டிப் பார்த்தார். காலி. ஒன்றும் வாங்காமல் எவராவது கடைக்குப் போய் வருவார்களா? வரும்போது பை காலி என்றால், போகும்போது அதில் என்ன இருந்தது?

அவருக்குள் இருந்த அதிகாரி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மைத்துனன் காற்றுமானியை யாரிடமோ கொண்டுபோய்க் காட்டுகிறான். அவர்கள் அளவு எடுக்கிறார்கள். அச்சு அசலாக இன்னொன்று செய்து, ஒருநாள் இதை எடுத்துக்கொண்டு அதை வைத்துவிடுவார்கள். வாங்க ஒரு கல்லும் விற்க ஒரு கல்லும் வைத்திருந்த எத்தனை கடைக்காரர்களைப் பார்த்தவர் அவர்! உடனே கத்தினால் கள்ளன் உஷாராகிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டார். பழைய அலுவலகப் பெட்டியிலிருந்து கண்ணாடியில் எழுதும் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கூராகச் சீவினார். முகப்புக் கண்ணாடிமேல், முள்ளின் நுனிக்கு நேராக, கடுகுக்கும் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்.

அடுத்த வியாழனும் முள் நகர்ந்திருந்தது. இன்னொரு புள்ளி. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. புள்ளிகள் முகப்பைச் சுற்றி வரிசை கட்டின. முதல் இரண்டுக்கும் நடுவில் சுண்டுவிரலைப் படுக்க வைக்கலாம். போகப்போக இடைவெளி சுருங்கியது. கள்ளன் தேறிவிட்டான், இப்போது பதமாகக் கையாளுகிறான் என்று முத்திரைக்காரர் கணக்குப் போட்டார். தன் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் கையைக் கட்டிப்போட்டது. மனைவிக்குப் பிறந்தவீடு என்று மிச்சம் இருப்பது அந்தத் தம்பி ஒருவன்தான். அவனை வாசலோடு நிறுத்தினால் அவள் தாங்கமாட்டாள். இவரோடு இருப்பாளோ மாட்டாளோ, அதுவும் நிச்சயமில்லை. அவளும் கொஞ்ச நாளாக ஒரு மாதிரிதான் இருந்தாள். பேச்சைக் குறைத்துவிட்டாள். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைத் துடைப்பது போலப் பாவனை செய்தாள். எப்போது பார்த்தாலும் இருமல். கேட்டால் அந்தக் கருவிகளுக்குப் போடும் பித்தளை பாலிஷ் நெடி என்றாள். ஓகோ, கருவிகளை வீட்டைவிட்டு வெளியேற்ற இது ஒரு வழியா என்று நினைத்துக்கொண்டார். இருமலைக்கூட அந்த மனிதர் நம்பவில்லை.

கடைசியாக வைத்த இரண்டு புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகு அவருக்குப் பொறுக்கவில்லை. இனி அளவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை, அடுத்தது கருவியை மாற்றுகிற வேலைதான். அந்த வியாழக்கிழமை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவது போலக் கிளம்பி, தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். பயிற்சிக் கார் வாசலில் நின்றது. மைத்துனன் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். முத்திரைக்காரர் நேராக அலமாரிக்குப் போய்க் காற்றுமானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முள் கடைசிப் புள்ளியை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது.

“மாப்பிள்ள, மறைக்காம சொல்லுங்க. இத யார்கிட்ட காட்டிக்கிட்டிருக்கீங்க?”

அவன் எழுந்து நின்றான். தான் அதைத் தொட்டதே இல்லை என்றான். அப்படியென்றால் வாராவாரம் எதற்கு வருகிறீர்கள் என்று முத்திரைக்காரர் கேட்டார். உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இப்படிக் குனிகிற தலைகளை முத்திரைக்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். புள்ளி வைத்ததை, இடைவெளி சுருங்கியதை, காலிப் பையை என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசினார். இனி இந்தப் படி ஏற வேண்டாம் என்று முடித்தபோது, மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“அந்தப் புள்ளியெல்லாம் இவனப் பிடிக்கவா வச்சீங்க?”

“வேற எதுக்கு வைப்பாங்க?”

அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாலடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

“ஊதினது நான்.”

பிறகு மெதுவாக, நடுநடுவே நிறுத்தி, சொன்னாள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். வியாழன்தோறும் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். போகும்போது பையில் இருப்பது தம்பி வெளியிலிருந்து வாங்கிவரும் எக்ஸ்ரே படங்களும் சோதனைச் சீட்டுகளும், அவை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும். அங்கே ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார்கள். டாக்டர் எதிரில் உட்கார்ந்தாலே பயத்தில் மூச்சு வருவதில்லை. அதனால் கிளம்பும் முன்னால் வீட்டில் தனியாக ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுப் போவாள். முதலில் முள் நன்றாக ஓடியது. இவரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று முத்திரைக்காரர் கேட்டார்.

“சொன்னா என்னையா பாத்துக்குவீங்க? டாக்டரப் பிடிச்சுக்குவீங்க. மெஷின் சரியான்னு கேப்பீங்க. எனக்குச் சண்ட பாக்கத் தெம்பு இல்லங்க.” கொஞ்சம் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். “மொதல் புள்ளியப் பாத்தப்ப பயந்துட்டேன். அடுத்த வாரம் இன்னொண்ணு இருந்துச்சு. சரி, இவருக்குத் தெரிஞ்சுபோச்சு, வாய்விட்டுக் கேக்க மனசு வரல, என் மூச்ச வாராவாரம் பாத்துக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலா இருந்துச்சு.”

மைத்துனன் வெளியே போய்க் காரைத் திறந்தான். நானும் வருகிறேன் என்றார் முத்திரைக்காரர். வாங்க, ஆனா அங்க யாரையும் எதுவும் கேக்காதீங்க என்றாள் அவள். சரி என்றார். வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கு அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. கையில் இருந்த காற்றுமானியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மைத்துனனின் முகத்தைப் பார்க்காமல் பின்சீட்டில் ஏறினார்.

ஆஸ்பத்திரி அறை சின்னது. மேசைமேல் வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து நீளும் குழாய். மனைவி ஊதினாள். டாக்டர் திரையில் வந்த கோட்டைப் பார்த்தார், போன மாதத்துக் கோடுகளையும் வரவழைத்துப் பக்கத்தில் காட்டினார். இனிமேல் வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை மெல்ல, நல்ல மாதிரியாகச் சொன்னார்.

முத்திரைக்காரர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எங்கும் முத்திரை இல்லை. பக்கவாட்டில் ஒரு திருகாணி மட்டும் புதுசாகப் பளபளத்தது. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். இதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. இந்த ஒரு கருவி மட்டும் பொய் சொல்லட்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பொய்த் தராசுக்காரர்களை எல்லாம் தேடித்தேடிப் பிடித்தவர், அவர்களில் ஒருவனாவது இன்றைக்கு இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

சட்டைப் பைக்குள் கை போயிற்று. காற்றுமானியின் கண்ணாடிமேல் சிவப்புப் புள்ளிகள் முதலில் தள்ளித்தள்ளியும், பிறகு நெருங்கியும், கடைசியில் ஒட்டிக்கொண்டும் நின்றன. திரையில் இருந்த கோடுகள் சொன்னதையே அவையும் சொல்லின. அவற்றை வைத்தது அவர் கைதான். பென்சிலைக் கூராகச் சீவி, நுனிக்கு நேராக, தப்பே வராமல் வைத்த புள்ளிகள். அவர் கேள்வியை விழுங்கிவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.