ஆற்றங்கரைப் பாதையில் கிடந்த முள்

சர்க்கரை கூடிவிட்டதால், சங்கரன்கோவிலுக்கு வெளியே ஆற்றங்கரைப் பாதையில் தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தேன். மேடு பள்ளம் இல்லாத பாதை. ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம்.

ஒரு நாள் பாதையின் குறுக்கே உடைமரத்து முள் வெட்டிப் போட்டிருந்தது. தாண்டாதே என்று அர்த்தம். எங்கள் ஊர்ப்பக்கம் எவனுக்கும் இது தெரியும். ஆனால் டாக்டர் சொன்ன தூரத்தை முடிக்க வேண்டுமே! முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தேன். திரும்பும்போது இழுத்துப் போடவும் இல்லை.

மறுநாள் அங்கே மூன்று வெள்ளாடுகள் விறைத்துக் கிடந்தன. முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்த, மருந்தடித்த மக்காச்சோளத்தை மேய்ந்திருக்கின்றன. அவற்றை வளர்த்த கோமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் போட்ட முள்ளு காத்துல வெலகிட்டு போல, அண்ணாச்சி" என்றாள்.

"ஆமா, நேத்து நல்ல காத்து" என்றேன்.

அதன்பின் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது, முள் கிடந்த இடத்தில் ஆள் திறந்து போகும்படி படல் கட்டிவிட்டு, கோமதி அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"முள்ளை ஒதுக்குனது நான்தான், கோமதி."

"தெரியும் அண்ணாச்சி. ஷூ தடம் கெடந்துச்சு. இந்தப் பாதையில ஷூ போட்டு நடக்கது நீங்க ஒருத்தருதான்."

மிச்ச ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

இப்போதும் அங்கேதான் நடக்கிறேன். படலைச் சாத்தி, கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன். முள்ளை ஒதுக்கிய அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.