நாற்பத்தெட்டு சுற்று

வலது கை கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் மடித்த பனியன் துணிக்குள் செம்புக் கம்பியைப் பிடித்திருந்தன. இறுக்கிப் பிடித்தால் கம்பி இழுபட்டு மெலியும். தளர விட்டால் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தர முடியாது. நூறு காயிலை, நூறு கம்பிச் சுருளைக் கெடுத்த பிறகு விரலே கண்டுபிடித்துக்கொள்ளும். இந்த விரல்கள் கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகிறது. மரக்கட்டையின் மேல் கம்பி, சீப்பால் வாரிய தலைமுடிபோல ஒட்டி ஒட்டிப் படிந்தது.

மடியில் இரண்டரை வயதுக் குழந்தை. எந்திரத்தில் சுற்றைக் காட்டும் முள் எப்போதோ உடைந்துவிட்டதால் வாயால்தான் எண்ண வேண்டும். அம்மா எண்ண, குழந்தையும் அம்மாவைவிட உரக்க எண்ணியது. பத்து வந்ததும் ஒரு வாஷரை எடுத்துத் தகர டப்பாவில் போடுவது குழந்தையின் உத்தியோகம். நாலு வாஷர், அதற்கு மேல் எட்டு. நாற்பத்தெட்டு சுற்றில் ஒரு காயில் முடியும்.

"பத்து!" என்று கத்தி டங்கென்று வாஷரைப் போட்டாள் சிநேகா. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த பத்தைத் தொடங்கினாள்.

அது செவ்வாய்க்கிழமை மத்தியானம். கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, ஒரு பஞ்சர் கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்த மோட்டார் கடை. எரிந்துபோன மோட்டாரின் பழைய கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார்கள். தொழிலில் அதற்கு 'மோட்டார் கட்டுவது' என்று பெயர். கடையை வைத்தவர் ஜெசிந்தாவின் மாமனார் ஆபிரகாம். பிறத்தியார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், அதே நிலத்துக் கிணற்று மோட்டார்களைக் கழற்றிப் பார்த்துத் தொழில் கற்றார். ஜெசிந்தா கல்யாணமாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் மகன் ஜெபக்குமார்தான் கடையில் இருந்தான்.

கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க ஜெசிந்தாவால் முடியவில்லை. குப்பையில் போடவேண்டிய ஒரு மோட்டாரை இழுத்து வைத்துக்கொண்டாள். மோட்டாரின் உள்வட்டத்தில் கம்பி உட்காரும் பள்ளங்களைக் காடி என்பார்கள். எந்தக் காடியில் கம்பி இறங்குகிறது, எந்தக் காடியில் ஏறுகிறது என்று ஒரு கட்டுரை நோட்டில் படம் போட்டாள். பிரித்தாள், கட்டினாள். எரிந்தது. மறுபடி பிரித்தாள். ஒரு வருடத்துக்குள் ஜெபக்குமார் வெளியே ஓடி மோட்டார்களைக் கழற்றி வருவதும், உள்ளே இவள் கட்டுவதும் என்று ஆகிவிட்டது. கல்லாவில் அவன் நின்று எடுத்துக் கொடுத்ததால், கட்டியது யாரென்று எந்த வாடிக்கைக்காரரும் கேட்டதில்லை.

இப்போது கேட்கவேண்டிய நிலை வந்துவிட்டது. ஜெபக்குமாருக்கு நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேரவேண்டும். இந்த வாரம் பயிற்சி. காலையில் முதல் பஸ்ஸில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவான். நெம்மேலியில் வீடும் பார்த்தாகிவிட்டது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையைப் பார்த்ததுமே ஜெசிந்தா மனதுக்குள் எந்திரத்தை எங்கே போடுவது என்று அளந்துவிட்டாள்.

ஆனால் தெரியாத ஊரில் மோட்டாருக்கு எங்கே போவது? கடலோரத்து வாடிக்கை என்று இருந்தது ஒருவர்தான், ஜெகதீசன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருப்பவர். தொட்டித் தண்ணீருக்குள் இரவும் பகலும் காற்று அடிக்கும் மோட்டார்கள் அவரிடம் ஒரு டஜன் இருந்தன. ஆபிரகாம் காலத்து வாடிக்கை. அவர் கை கொடுத்தால் கொட்டகையில் எந்திரம் ஓடும். இல்லாவிட்டால் சனிக்கிழமை மதுராந்தகத்தில் மோட்டார் கடை வைத்திருக்கும் தாவீது வந்து எந்திரத்தை விலைக்கு எடுத்துக்கொண்டு போவார் என்று பேச்சு முடிந்திருந்தது. அப்புறம் கொட்டகையில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொள்ளலாம்.

போன வாரம் எரிந்த மோட்டாரோடு வந்த ஜெகதீசனிடம் ஜெபக்குமார் விஷயத்தைச் சொன்னான்.

"இன்னா ஜெபா, ஷிப்டு வேலைக்குப் போறியா? நல்லது. அப்ப என் மோட்டார யார் கட்றது?"

"ஜெசி கட்டும் அண்ணாத்த. மூணு வருசமா அதான் கட்டிக்கினு கீது."

"பொண்டாட்டிக்கு சிபாரிசா? நல்லா கீதுப்பா!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தம்பி, காத்து நின்னா அரை மணி நேரத்துல குஞ்சு மொத்தமும் மேல மெதக்கும். பழகிப் பாக்க என் தொட்டிதான் கெடச்சுதா?"

ஜெசிந்தா உள்ளேயிருந்து வந்தாள். "இத நான் கட்டித் தரேன், சார். வெள்ளிக்கிழமை வாங்க. பிரிச்சுப் பாருங்க, ஓட்டிப் பாருங்க. புடிக்கலன்னா உங்க வழி உங்களுக்கு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்பில் குழந்தை மூக்கொழுக உட்கார்ந்திருந்தது. "சரி, பாப்போம்" என்றார். 'பார்ப்போம்' என்று சொல்லிவிட்டுப் பார்க்காமலே போகிறவர்களின் குரலில்தான் அதைச் சொன்னார்.

புதன்கிழமை முழுவதும் காயில்களைக் காடிக்குள் இறக்கினாள். மூன்று மூன்று காயில்களாக ஆறு செட், மின்சாரம் வரும் மூன்று ஒயருக்கும் இரண்டிரண்டு செட். காடிக்குள் முதலில் காகிதம், அதன்மேல் கம்பி, வெளியே வராமல் மேலே ஒரு மூங்கில் சீவல். குழந்தை தூங்கும்போது சுத்தியல் தட்ட முடியாது. அதனால் தூக்க நேரத்தில் நூல் கட்டும் வேலை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் அதிராமலிருக்க நூலால் சுற்றிக் கட்டுவார்கள். அவரவருக்கு ஒரு முடிச்சு உண்டு. ஜெசிந்தா போடுவது கனகாம்பரம் கட்டுகிற முடிச்சு. அவளுக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான், அது அவிழ்ந்து அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை, வார்னிஷ் ஊற்றுவதற்கு முன் மோட்டாரை ஓட்டிப் பார்த்தாள். சத்தம் பிசிறில்லாமல் இருந்தது. மூன்று ஒயரிலும் ஒவ்வொன்றாக மீட்டரைக் கவ்வவிட்டாள். மூன்றிலும் ஒரே அளவு மின்சாரம் ஓடவேண்டும். இரண்டு ஒயரில் இரண்டு புள்ளி ஒன்று ஆம்பியர். மூன்றாவதில் இரண்டு புள்ளி ஐந்து.

மீட்டர்தான் தப்பு என்று நினைத்து மறுபடி வைத்தாள். இரண்டு புள்ளி ஐந்து. இணைப்பைப் பிரித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. காடி வரிசையை நோட்டோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்து மூன்றாவது ஒயர் மட்டும் அதிகம் குடிக்கிறது என்றால் எங்கே போய்த் தேடுவது?

அந்த நேரம் பார்த்துத் தாவீது வந்து நின்றார். சனிக்கிழமை எடுக்கப்போகிற எந்திரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். மதுராந்தகத்தில் முப்பது வருடமாக மோட்டார் கட்டுகிறவர். அவள் முகத்தைப் பார்த்தே மீட்டரைக் கையில் வாங்கினார்.

"இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சுக்கினு கீற? ஓடுது இல்ல? வார்னிஷ ஊத்தி மூடி அனுப்பும்மா. எவன் மீட்டர் வச்சுப் பாக்கப் போறான்?"

"சூடாவும்ணா. ஒரு வருசத்துல அந்தப் பக்கம் எரியும்."

"ஒரு வருசம் கழிச்சுதான? அப்ப நீ கட வச்சுக்கினா இருக்கப் போற?" அவர் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. எந்திரத்தின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, தரையில் வாஷர்களைப் பரப்பி உட்கார்ந்திருந்த சிநேகாவிடம் குனிந்தார். "கண்ணு, மாமாவுக்கு எண்ணிக் காட்டு பாக்கலாம்."

சிநேகா எண்ணிக் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்போது, பத்து!"

தாவீது கைதட்டினார். "ஏழு எங்க கண்ணு? முழுங்கிட்டியா?"

ஜெசிந்தா சட்டென்று சிநேகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் கண்முன் வந்தது. மடியில் குழந்தை. உரக்கக் கத்தும் குரல். சிரிப்பு. அவள் எண்ணியிருக்கவில்லை. குழந்தை எண்ணியதற்குத் தாளம் போட்டிருக்கிறாள். பத்துக்கு ஒரு ஏழு விழுந்தால் நாற்பத்தெட்டில் ஐந்து குறையும். குழந்தை மடியில் இருந்தது ஒரு செட் சுற்றும் வரைக்கும்தான். மூன்று காயில், பதினைந்து சுற்று. சுற்று குறைந்த பக்கம் மின்சாரத்தை அதிகம் குடிக்கும்.

நினைப்பு சரியா என்று பார்க்க ஒரே வழி. அதிகம் குடிக்கிற ஒயரின் முதல் செட்டில், ஒரு காடியின் மூங்கில் சீவலை உருவினாள். கோணி ஊசியின் முனையால் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினாள். நாற்பத்து மூன்று. இன்னொரு முறை எண்ணினாள். நாற்பத்து மூன்று.

"அண்ணா, ஏழு கெடச்சுடுச்சு" என்றாள்.

தாவீதுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கத்தியை எடுத்து நேற்றுப் போட்ட முடிச்சுகளை அறுக்கத் தொடங்கியதும் பதறினார். "அடிப் பைத்தியமே! அது மொத செட்டு. அதுக்கு மேல குறுக்க எல்லாமே போவுது. தூக்கும்போது பக்கத்துக் கம்பி ஒண்ணுல மேல்பூச்சு உரிஞ்சாலும் மொத்தமும் போச்சு!"

"உரியாம தூக்கணும்ணா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மேலே கிடந்த கம்பிகளைக் கையால் இழுக்காமல், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அடியில் கொடுத்து இரண்டு இரண்டாக நெம்பி, துணியில் சாய்த்து வைத்தாள். அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. நடுவே சிநேகாவுக்குச் சோறு, சிநேகாவின் அழுகை, சிநேகா வார்னிஷ் டப்பாவைத் திறக்கப் பார்த்தது. மூன்று காயிலும் பக்கத்துக் கம்பியை உரிக்காமல் வெளியே வந்தபோது ஜெசிந்தாவின் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. நெட்டி முறித்துக்கொண்டு எந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

சிநேகா ஓடிவந்து மடியில் ஏறினாள். இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள் ஜெசிந்தா. இறக்கவில்லை. தப்பு குழந்தையுடையது இல்லை. எண்ணவேண்டியவள் எண்ணவில்லை, அவ்வளவுதான். நெம்மேலிக்குப் போனாலும் குழந்தை மடியில்தான் இருக்கும், வேலையும் நடந்தாக வேண்டும். இந்த முறை வாயை மூடிக்கொண்டாள். பத்து சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டையின் மேல் கம்பியை ஊசியால் எண்ணி, ஒரு சிவப்பு நூலைச் சுற்றி வைத்தாள். சிநேகா தன் கணக்கில் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தாள். "ஆமாண்டி தங்கம், பத்துதான்" என்றாள் அம்மா. கை அதன் பாட்டுக்குத் தன் கணக்கில் போனது.

மாலையில் ஜெபக்குமார் பயிற்சி முடிந்து வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மீட்டரை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி ஒன்று. நடந்ததைக் கேட்டுவிட்டு மகளைத் தூக்கித் தலைக்கு மேல் ஆட்டினான்.

"நானா இருந்தா குடுத்து அனுப்பியிருப்பேன் ஜெசி."

"தெரியும்ங்க. அதான் நான் கட்றேன்" என்றாள்.

மறுபடி நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றி, பெரிய பல்புகள் எரியும் தகர டிரம்முக்குள் மோட்டாரைக் காய வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்குமாருக்கு அரை நாள்தான் பயிற்சி. அவன் வந்து சேர்ந்த கையோடு ஜெகதீசனின் குட்டியானை வண்டி கடை முன் நின்றது. இறங்கியவர் பையிலிருந்து சொந்த மீட்டரை எடுத்தார். ஜெசிந்தாவுக்குத் தாவீதின் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவர் ஓட்டிப் பார்த்தார். மூன்று ஒயரிலும் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பக்க மூடிய கழட்டு" என்றார்.

கழற்றினாள். அவர் டார்ச் அடித்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னா சார்? எதனா தப்பா கீதா?"

"இந்த முடிச்சு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"உப்புக் காத்துக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா எல்லா மோட்டாரையும் தொறந்து தொடைப்போம். இந்த முடிச்ச எனக்குத் தெரியும். என் பிட்டரு இதுக்குப் பூக்கட்டு மோட்டாருன்னு பேரே வச்சுகிறான். அஞ்சு கீது எங்கிட்ட. அஞ்சுல ஒண்ணுகூட எரிஞ்சது கெடையாது. எரியறதெல்லாம் கம்பெனிக் கட்டு, இல்ல வேற எடத்துக் கட்டு." நிமிர்ந்து ஜெபக்குமாரைப் பார்த்தார். "டேய், போன வாரமே சொன்னியேடா!"

"நீங்கதான் சிரிச்சீங்க அண்ணாத்த."

"சிரிச்சேன், சிரிச்சேன். இப்ப என்னப் பாத்து நீ சிரி." வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே எரிந்துபோன இரண்டு மோட்டார்கள் கிடந்தன. "பாக்கலாம்னுதான் எட்த்தாந்தேன். எறக்கு. இந்த ரெண்டும் இங்க. அடுத்ததெல்லாம் நெம்மேலிக்கே வரும். எனக்கும் கிட்ட. பொண்ணு, ஒண்ணாந்தேதிக்கு மேல கட உண்டா, இல்ல மூட்ட முடிச்சு அவுக்கவே ஒரு மாசம் ஆவுமா?"

"மொதல்ல எந்திரத்ததான் சார் எறக்குவோம்" என்றாள் ஜெசிந்தா.

ஜெபக்குமார் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தான். "தாவீதண்ணா, நாளைக்கு வராதீங்க. இல்லண்ணா, வெல பத்தலன்னு இல்ல. எந்திரம் எங்களுக்கே வேணும்." அந்தப் பக்கம் தாவீது சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். "உன்ன மாதிரி ஒரு பைத்தியத்த பாத்ததில்லன்னு சொல்றாரு, ஜெசி. ஏழு கெடச்சுதான்னு பாப்பாவையும் கேக்கறாரு."

ஜெசிந்தா மூடியைத் திரும்பப் பூட்டினாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெகதீசன் வண்டிமேல் ஏறினார். சிநேகா மோட்டாரைத் தரையில் பூட்டும் நாலு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்து எண்ணினாள். நாலு வரைக்கும் அவள் கணக்கில் தப்பே கிடையாது. ஜெபக்குமார் வழக்கம்போல மோட்டாரைத் தூக்கக் குனிந்தான். குனிந்தவன் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். ஜெசிந்தா மறுபக்கத்தைப் பிடித்தாள். வார்னிஷ் வாசமும் வெதுவெதுப்பும் இன்னும் போகாத மோட்டாரை இருவரும் மேலே தூக்கினார்கள்.

"இந்தாங்க சார், புடிச்சுக்கோங்க" என்றாள். ஜெகதீசன் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.