பாய் ஏற்றினால் சிவப்பு, இறக்கினால் பச்சை: காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு ஒரு சோலார் படகுப் பயணம்

நடந்தது அத்தனையும் நான் முன்னாடியே சொன்னதுதான். பேட்டரி ஏறாது என்று சொன்னேன். எண்ணூர் பக்கம் சாம்பல் கொட்டும் என்று சொன்னேன். கடைசியில் சேவியர் கரையில்தான் நிற்பான் என்றுகூடச் சொன்னேன். எவன் கேட்டான்? அந்த வயிற்றெரிச்சலில்தான் ராயபுரம் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஃபேன் ஓடாத கேபினில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். படகில் சோலார் பலகை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக நினைக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். இந்த விஷயத்தில் என்னை விட்டால் உங்களுக்கு ஆள் கிடையாது.

சேவியர் என் வீட்டுக்காரியின் தம்பி. காசிமேட்டில் ஒரு பைபர் படகு வைத்திருக்கிறான். டீசல் விலை ஏறினதிலிருந்து இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டுப் பாய் கட்டித்தான் ஓட்டுகிறான். ராத்திரி வலை போடுகிறவனுக்குப் படகில் விளக்கு எரிய வேண்டும். இல்லையென்றால் நிலக்கரி ஏற்றிவரும் கப்பல்காரன் கண்ணுக்கு நம் படகு தெரியவே தெரியாது, மேலே ஏறிப் போய்க்கொண்டே இருப்பான். விளக்குக்கு பேட்டரி. அதைத் தினமும் சைக்கிளில் வைத்து கொருக்குப்பேட்டை சார்ஜ் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கரண்டு கட் ஆனால் அரைகுறையாக ஏறிய பேட்டரியோடு கடலுக்குப் போவான், நடுவில் விளக்கு அணைந்துவிடும்.

அவன் சம்சாரம் ஸ்டெல்லா ஒருநாள் பொங்கிவிட்டாள்.

"இன்னாய்யா, நீ இருட்டுல கப்பலுக்கு நடுவுல பூந்துகினு போவ, நான் செபமாலைய உருட்டிகினு குந்தியிருக்கணுமா? எங்க அண்ணன் கன்டெய்னர் யார்டுல வேல சொல்லி வெச்சிகீறாரு. ஒழுங்கா போய் சேரு."

சேவியருக்குக் கடலைத் தவிர ஒன்றும் தெரியாது. யார்டு என்றதும் முகம் செத்துப்போய் என்னிடம் வந்தான். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் கரண்டு விஷயத்தில் பெரிய பெரிய இன்ஜினியர்களே என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். சோலார் போடுடா என்றேன். பலகை, பேட்டரி, நடுவில் ஒரு கன்ட்ரோல் பெட்டி, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு. பெட்டியில் சின்ன பல்பு ஒன்று இருக்கும். கரண்டு ஏறினால் பச்சை, ஏறாவிட்டால் சிவப்பு.

ஸ்டெல்லா ஒரே ஒரு சான்ஸ் கொடுத்தாள். சனிக்கிழமை காலை எண்ணூர் போய், இருட்டின பிறகு காசிமேடு வந்து சேர வேண்டும். அவள் கரைப் பாறை மேல் நிற்பாள். விளக்கு தெரிந்தால் இனிமேல் வாயே திறக்க மாட்டாள். தெரியாவிட்டால் திங்கட்கிழமை யார்டு.

ஜூன் மாதம் அது. ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஐந்து ரூபாய். பேட்டரி என் மடியில்தான் இருந்தது, அதற்கும் டிக்கெட் கேட்டான் அந்த டிரைவர். "மடியில குந்திகினு வர்றதுக்கு இன்னாய்யா துட்டு?" என்று நான் போட்ட சத்தத்தில் ஆட்டோவே அமைதியாகிவிட்டது. ஐந்தே முக்காலுக்குப் படகு கிளம்பியது. பலகையைப் பாய்மரத்தின் அடியில், படகின் நட்ட நடுவில் வைத்துக் கட்டியிருந்தோம். ஆடாது, அசையாது, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கரைக்காற்று நன்றாகத் தள்ளியது. சூரியன் மேலே வந்தது. திருவொற்றியூர் தாண்டியும் பல்பு சிவப்பு. எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. விற்ற கடைக்காரனுக்குச் செல்லில் போன் போட்டேன்.

"வெயில் இருக்கா சார்?"

"மண்டை காயுதுய்யா!"

"அப்போ ஏறும் சார்." வைத்துவிட்டான். இவனை எல்லாம் கடல் நடுவில் கொண்டுவந்து விட வேண்டும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் கடல் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஒன்பது மணிக்குச் சேர்ந்தோம். பலகை மேல் கையை வைத்தால் விரல் தடம் விழுகிறது, அனல்மின் நிலையத்திலிருந்து அவ்வளவு சாம்பல். மனுஷன் மூச்சு விடுகிற ஊரா இது? காயப்போட்ட துணியிலும் சாம்பல், குடிக்கிற டீயிலும் சாம்பல். இங்கே குழந்தை குட்டியோடு இருக்கிற ஜனங்களைப் பற்றி எவனுக்காவது கவலை இருக்கிறதா? பாயை இறக்கிவிட்டு என் லுங்கி முனையால் பலகையைத் துடைத்தேன். உடனே பச்சை! கண்டுபிடித்துவிட்டேன் என்று கரைக்குப் போய் டீக்கடைக்காரருக்கு அரை மணி நேரம் சோலார் பாடம் எடுத்தேன். டீ இரண்டரை, நெத்திலி வறுவல் பத்து ரூபாய். வறுவல் அருமை, மறக்காமல் சாப்பிடுங்கள்.

தூங்கி எழுந்து பார்த்தால் பலகையை மறுபடியும் சாம்பல் மூடியிருந்தது, பேட்டரி கால்வாசிகூட ஏறவில்லை; துடைத்துப் பச்சையாக்கிவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினோம். இப்போது கடல்காற்று. பாயை ஏற்றிக் கொஞ்ச தூரம் போனால், பல்பு மறுபடியும் சிவப்பு. துடைத்தேன். சிவப்பு. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சிவப்பு. சூரியனையே நாலு வார்த்தை திட்டினேன்.

சேவியர் சுக்கானைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமு, பாய எறக்குனா பச்ச, ஏத்துனா செவப்பு. கவனிச்சியா?"

அப்போதுதான் விளங்கியது. காலையில் காற்று கரையிலிருந்து அடித்துப் பாயைக் கடல் பக்கம் தள்ளும், சூரியனும் கடல் பக்கம். சாயந்திரம் காற்று கடலிலிருந்து அடித்துப் பாயைக் கரைப் பக்கம் தள்ளும், சூரியனும் கரைப் பக்கம். காற்றும் சூரியனும் பேசி வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக நிற்கின்றன. நடுவில் பாய். பாயின் நிழலில் நம்ம ஒன்பதாயிரத்து இருநூறு.

"நீதான மாமு இங்க கட்டச் சொன்ன?"

"நீ நாள் முழுக்கப் பாய் ஏத்திகினு வருவன்னு எனக்கு இன்னாடா தெரியும்?"

"பாய்மரத்துல பாய் ஏத்தாம தோரணமா கட்டுவாங்க?"

பாயை இறக்கினால் பேட்டரி ஏறும், ஆனால் நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். வேறு வழியில்லை. பலகையை அவிழ்த்து, பின்பக்க மூலையில் நிழல் விழாத இடத்தில் நின்று, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பச்சை! இரண்டரை மணி நேரம், நண்பர்களே. கை மரத்துப்போனது, அலை முகத்தில் அடித்தது, நான் அசையவில்லை. நம்ம வயசுக்கு வேறு எவனாவது செய்வானா?

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டான் சேவியர். பளிச்சென்று எரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கப்பல் வந்தது. ஏழு மாடி உயரம், எக்ஸ்பிரஸ் ரயில் வேகம், நேராக எங்கள் மேல்! சேவியர் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் விளக்கைப் பிடுங்கி மூன்று தரம் ஆட்டினேன். கப்பல் வளைந்து போனது.

ஏழேகாலுக்குக் காசிமேடு. பாறை மேல் ஸ்டெல்லா நின்றிருந்தாள். "திருவொத்தியூராண்டயிருந்தே தெரிஞ்சிச்சி," என்றாள். புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "போ, கை கழுவு. வஞ்சிரம் வெச்சிகீறேன்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. சாப்பிடும்போது கப்பல் கதையைச் சொன்னேன். சேவியர் முட்டியால் என் தொடையில் இடித்தான். நான் நிறுத்தவில்லை.

ஸ்டெல்லாவின் கரண்டி நின்றுவிட்டது. "அம்மாங் கிட்டயா வந்திச்சி அண்ணா?"

"கை நீட்டினா தொடலாம்மா."

"ஏய், மாமு சும்மா வுடறாரு," என்றான் சேவியர்.

"அவுரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு? நீதான் மறைக்கிற."

திங்கட்கிழமை சேவியர் தலையில் யார்டு மஞ்சள் தொப்பி. இரண்டு மாசமாகிறது, என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. படகு மணலில் கிடக்கிறது. பாய் இல்லை, நிழல் இல்லை, பல்பு காலையிலிருந்து சாயந்திரம் வரை பச்சை. பேட்டரி நிரம்பி வழிகிறது, எரிக்க ஆளில்லை. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

போகிறவர்களுக்கு: பலகையைப் பாய்மரத்தடியில் வைக்காதீர்கள். படகின் பின்பக்கம் ஒரு கம்பு நட்டு, பாய் நிழல் எட்டாத உயரத்தில் கட்டுங்கள். ஈரத்துணி கட்டாயம், எண்ணூரில் மணிக்கொரு தரம் துடைக்க வேண்டும். கடைக்காரனை நம்பாதீர்கள்.

இன்னொன்று. அந்தக் கப்பல் வரவில்லை. நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. நாங்கள்தான் அதிலிருந்து தள்ளி, நல்ல தூரத்தில் சுற்றிக்கொண்டு வந்தோம். மேலே ஒருத்தன் கொடியில் காய்ந்த சட்டையை எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் விளக்கைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவ்வளவு தூரத்துக்கு அந்த விளக்கு தெரிந்தது.

இதை ஸ்டெல்லாவிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். சேவியர் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறேன் என்கிறாள். காசிமேட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.