முன்பல் பதிந்த பள்ளம்

அக்காவின் பீரோவில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு கறுப்புத் துண்டு இருக்கிறது. சாக்ஸபோனின் நுனியில் மாட்டி வாயில் வைக்கிற பகுதி. அதன் மேல்புறத்தில் இரண்டு சின்னப் பள்ளங்கள். இருபது வருஷம் அத்தானின் முன்பற்கள் அழுந்திய தடம்.

அத்தான் இத்தாலிக்காரர். யுத்தக் கைதியாக இந்தியாவுக்கு வந்து, விடுதலையான பிறகும் ஊர் திரும்பாமல் செகந்திராபாத் கிளப் ஒன்றில் ஜாஸ் வாசிக்கச் சேர்ந்தவர். அக்காவை மாதா கோயிலில் பார்த்துவிட்டுப் பெண் கேட்டு வந்தபோது, “ஊதுறவனுக்கா கொடுப்பேன்?” என்று அப்பா குதித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அதே அப்பா சனிக்கிழமை தவறாமல் கிளப் வாசலில் நின்று கேட்டார். அத்தான் சொந்தமாகப் பாட்டும் கட்டுவார். முதலில் ஊதிப் பார்ப்பார், மெட்டு பிடிபட்டால்தான் வார்த்தை வரும். அக்காவைப் பற்றி இத்தாலிய மொழியில் ஒன்று கட்டினார். அர்த்தம் கேட்டால், “சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னு எழுதியிருக்கேன்” என்று கண்ணடிப்பார்.

நான் அப்போது ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தேன். அத்தானுக்கு மேல் முன்பல் ஒன்று வீங்கி உயிரை வாங்கியது. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, “நக்கோ குட்டி, வேணாம். எடுத்தா சாக்ஸபோன் வாசிக்க முடியுமா? டாக்டரைக் கேட்டுச் சொல்லு” என்றார். அன்றைக்கு வெளியே நல்ல கூட்டம். இதைப் போய்க் கேட்பானேன் என்று நினைத்தேன். உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்து, “கேட்டுட்டேன் அத்தான். கட்டுப்பல் வெச்சுக்கிட்டு வாசிக்கலாமாம்” என்றேன். என்ன திமிர் எனக்கு!

கட்டுப்பல் நிற்கவில்லை. ஊதினால் ஆடியது, காற்று ஓரமாகக் கசிந்தது. அத்தான் சாக்ஸபோன் வாசிப்பவர் என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட டாக்டர் என்னிடம், “முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? பல்லைக் காப்பாத்தப் பார்த்திருப்பேனே” என்றார். கிளப்பில் வேறு ஆள் வந்துவிட்டார். அத்தான் சனத்நகர்ப் பட்டறை ஒன்றில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டார். ஊதிப் பார்க்க வழியில்லாமல் பாட்டும் நின்றுபோனது. “பாவம், அந்த டாக்டருக்கு சாக்ஸபோனைப் பத்தி என்ன தெரியும்?” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும் எனக்கு.

அத்தான் போய் வெகுகாலமாகிவிட்டது. போன வாரம் அக்கா அந்தத் துண்டைத் துடைத்தபடி, “பாவி டாக்டர், நல்லா இருப்பானா?” என்று ஆரம்பித்தாள். இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் துண்டை என் கையில் வைத்தாள். என் விரல்நுனி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

“ஆமாக்கா,” என்றேன். “அவர் சரியாச் சொல்லியிருக்கணும்.”